சிரிப்புக் கதை எழுதி, படமும் போடுகிறவர் எங்கள் பள்ளிக்கு வருகிறார். பிள்ளைகளை எப்படித் தயார் செய்வது?

டிராயிங் சார், லத்தேரி பக்கம்

எல்லாருக்கும் வணக்கம். நான் லத்தேரியைத் தாண்டி ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியர். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. அதிலும் ஒரு பீரியடைக் கணக்கு டீச்சர் கடனாக வாங்கிக்கொள்வார். திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை.

வேலூர் புத்தகத் திருவிழாவுக்காகச் சென்னையிலிருந்து ஒரு படக்கதை எழுத்தாளர் வருகிறார். கதையும் அவரே, படமும் அவரே. அத்தனையும் சிரிப்புக் கதை. தெரிந்தவர் மூலமாகக் கேட்டுப் பார்த்தோம். "காலையில் காட்பாடியில் இறங்கி நேரே உங்கள் பள்ளிக்கு வந்துவிடுகிறேன், ஒன்றரை மணி நேரம் இருக்கிறேன், பிள்ளைகளோடு சத்துணவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறேன்" என்று சொல்லிவிட்டார். பணம் எதுவும் வேண்டாமாம். அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறார்.

ஹெச்.எம். அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். அன்று மாலையே நிகழ்ச்சி நிரல் தயார். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்பு நடனம், வரவேற்புரை, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் வாழ்த்துரை, வார்டு மெம்பர் வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, அப்புறம் சிறப்புரை, நன்றியுரை, நாட்டுப்பண். சிறப்புரைக்கு ஒதுக்கியிருப்பது இருபது நிமிஷம்.

பிள்ளைகள் கதை வேறு. ஆறு முதல் எட்டு வரை தொண்ணூறு பேர் இருக்கிறார்கள். படம் வரை என்றால் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் தென்னை, வானத்தில் எம் எழுத்து மாதிரி பறவைகள். ஊரில் பாதி வீட்டிலிருந்து நிஜ மலையே தெரிகிறது, அதை ஒருத்தரும் வரைய மாட்டார்கள். மனுஷனை வரையச் சொன்னால் ஸ்கேலைத் தேடுவார்கள். வகுப்பில் சிரித்தால் "இன்னா பல்லைக் காட்டுற" என்று கேட்டே வளர்ந்தவர்கள். வருகிறவர் எவ்வளவு வேடிக்கை செய்தாலும் கையைக் கட்டிக்கொண்டு "குட் மார்னிங் சா...ர்" என்று ராகம் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.

அவருடைய புத்தகங்களில் எங்களிடம் இருப்பது நான்கு பிரதி. முன்கூட்டியே கேள்விகளைச் சொல்லிக் கொடுத்து வைக்கலாமா? இல்லை, அது நாடகம் மாதிரி ஆகிவிடுமா?

இன்னொன்று. ஏழாம் வகுப்பில் ஒரு பெண், ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எங்கள் எல்லாரையும் கார்ட்டூனாக வரைந்து வைத்திருக்கிறாள். என்னை வரைந்திருக்கும் விதம் இப்படி: சட்டையின் நான்காவது பொத்தானுக்கும் ஐந்தாவது பொத்தானுக்கும் நடுவே தொப்பை எட்டிப் பார்க்கிறது, காதில் சாக்பீஸ். அச்சு அசல். கணக்கு டீச்சர் வெறும் ஹேண்ட்பேக், கீழே இரண்டு கால். நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது. வருகிறவரிடம் இதைக் காட்ட எனக்குக் கை துறுதுறு என்கிறது. காட்டலாமா?

பழைய நூலகர், ராணிப்பேட்டை

தம்பி, ஹெச்.எம்.மோடு சண்டை போடாதீர்கள், ஜெயிக்க மாட்டீர்கள். விழாவை நிறுத்தவும் வேண்டாம். இடத்தை மட்டும் மாற்றுங்கள். பொன்னாடை, வாழ்த்துரை, போட்டோ எல்லாம் ஹெச்.எம். ரூமில், காபியோடு, பத்து நிமிஷத்தில் முடியட்டும். வார்டு மெம்பருக்கும் அது வசதி, அவருக்கும் வேறு வேலை இருக்கும். அதற்குப் பிறகு பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குள் அவரும் நீங்களும் மட்டும் போங்கள். மைக், மேடை, நாற்காலி வரிசை எதுவும் வேண்டாம்.

நான் கிளை நூலகத்தில் இருந்தபோது ஒரு சிறுவர் எழுத்தாளரை அழைத்திருந்தோம். பதினோரு மணிக்கு நிகழ்ச்சி. தலைமை தாங்க வேண்டியவர் பன்னிரண்டேகாலுக்கு வந்தார். வந்தவர் தன் இளமைக் காலத்தைப் பற்றிப் பேசினார். எழுத்தாளர் ஒரு துணிப்பை நிறைய கைப்பொம்மைகள் கொண்டு வந்திருந்தார். பையின் வாயில் ஒரு குரங்கின் கை மட்டும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் கூட்டம் முழுக்க அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பை கடைசி வரைக்கும் திறக்கப்படவில்லை. மதிய உணவு மணி அடித்துவிட்டது, நன்றியுரையோடு சரி.

கேள்வி சொல்லிக் கொடுப்பதைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. அவர் வருவதற்கு முன்னால் பிள்ளைகள் அவருடைய புத்தகத்தைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டும். நான்கு பிரதி போதும். சுற்றுக்கு விட்டால் தொண்ணூறு பேருக்கும் போய்ச் சேராது, நீங்களே வாசித்துக் காட்டுங்கள். புத்தகத்தை மார்புக்கு நேரே பிடிக்காமல் பக்கவாட்டில், முகத்துக்குப் பக்கத்தில் பிடியுங்கள். பக்கத்தை மேல் மூலையிலிருந்து புரட்டினால் உங்கள் கை படத்தை மறைக்காது. புரட்டியதும் வாயைத் திறக்காதீர்கள், அவர்கள் படத்தைப் பார்த்து முடிக்கட்டும்.

சிரிப்புப் படக்கதையில் பல நேரம் எழுத்து ஒன்று சொல்லும், படம் வேறு ஒன்று சொல்லும். "ஆடு அன்று முழுவதும் சமத்தாக இருந்தது" என்று எழுத்து சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் அந்த ஆடு கொடியில் காய்கிற லுங்கியில் பாதியை மென்று முடித்திருக்கும். கதை சொல்கிறவருக்குத் தெரியாதது தனக்குத் தெரிந்துவிட்டது என்று குழந்தைக்குப் படுகிறது பாருங்கள், அங்கேதான் சிரிப்பு வரும். நீங்கள் விரலை வைத்து "இங்க பாருங்க, ஆடு லுங்கி தின்னுது" என்று விளக்கினால் எல்லாம் போச்சு. என் அனுபவத்தில் அந்த ஆட்டை முதலில் கண்டுபிடிப்பது எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைதான். நன்றாகப் படிக்கிறவர்கள் எழுத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள்.

பழக்கத்துக்கு இன்னும் புத்தகம் வேண்டுமென்றால் பிரதம் புக்ஸ் 2015ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய இருக்கின்றன. இலவசம்தான், இறக்கி அச்செடுக்கலாம், திரையிலும் போட்டுக் காட்டலாம். வருகிறவரின் புத்தகத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுக்காதீர்கள். அவர் வரும்போது பிள்ளைகள் கையில் கறுப்பு வெள்ளை நகல் இருந்தால் பாவம், அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க முடியாது.

எங்கள் காலத்தில் அம்புலிமாமாவைத் திறந்தால் விக்கிரமாதித்தன் தோளில் வேதாளம் தொங்கும். அதை வரைந்தவர் சங்கர். 2020ல்தான் காலமானார், சென்னையில் இருந்தார். அப்படி ஓர் ஆள் ராயப்பேட்டை பக்கம் குடையோடு பஸ்ஸுக்கு நிற்கக்கூடும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. படம் என்பது புத்தகத்தோடு தானாக முளைத்து வருவது என்றுதான் நினைப்பு. உங்கள் பிள்ளைகளுக்கு அந்த ஆள் நேரில் வருகிறார். அவர் பேசாமல் வரைந்துகொண்டே இருந்தாலும் போதும்.

எட்டாம் வகுப்பு அப்பா, காட்பாடி

ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். புத்தகம் விற்கப் போகிறீர்களா?

என் மகள் படித்த பழைய பள்ளியில் இதே மாதிரி ஒருத்தர் வந்தார். முதல் நாள் டைரியில் விலைப்பட்டியல் ஒட்டி அனுப்பினார்கள். வாங்கின பிள்ளைகள் கையெழுத்துக்கு வரிசையில் நின்றார்கள். வாங்காத பிள்ளைகள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அதை வேடிக்கை பார்த்தார்கள். அன்று சாயங்காலம் என் மகள் அந்த எழுத்தாளரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. யார் யார் வாங்கினார்கள் என்று பெயர் பெயராகச் சொன்னாள்.

உங்கள் ஊரில் பீடி சுற்றுகிற வீடும் தறி வீடும்தான் அதிகம் இருக்கும். கையெழுத்து போட்டால் தொண்ணூறு பேருக்கும் போடட்டும், ஒரே மாதிரித் துண்டுத் தாளில். இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம்.

கோடு போடுகிறவள், சத்துவாச்சாரி

நானும் சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன். பள்ளிகளுக்கும் போயிருக்கிறேன், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன் சார்.

தொண்ணூறு பேரை ஒன்றாக உட்கார வைக்காதீர்கள். இரண்டு பாதியாகப் பிரித்து, ஆளுக்கு நாற்பது நிமிஷம் கொடுங்கள். தரையில் அரைவட்டமாக, குட்டையானவர்கள் முன்னால். புரொஜெக்டர் தேடி அலைய வேண்டாம். எந்தப் பள்ளிக்குப் போனாலும் படம் காட்டும் ஒயர் மட்டும் யாரோ வீட்டில் இருக்கும். கரும்பலகை போதும், கடைசி வரிசைக்கும் தெரியும். நல்ல ஈரத்துணியில் முதல் நாளே துடைத்து வையுங்கள். ஜன்னல் வெளிச்சம் பலகையில் பட்டுப் பளபளக்காத சுவரைத் தேர்ந்தெடுங்கள். வண்ணச் சாக்பீஸ் ஒரு பெட்டி. மெல்லிய ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்து சார்ட்டில் வரையச் சொன்னால் மூன்றாவது வரிசைக்கு வெள்ளைத் தாள்தான் தெரியும்.

பிள்ளைகள் சிரிக்க மாட்டார்கள் என்ற கவலையை விடுங்கள். நான் எப்போதும் முட்டையில் தொடங்குவேன். பலகையில் ஒரு முட்டை, உள்ளே இரண்டு புள்ளி. அவ்வளவுதான், இது யார் என்று கேட்பேன். பதில் வராது. புருவத்துக்கு இரண்டு கோடு, மூக்குப் பக்கமாகக் கீழே இறங்குகிற மாதிரி. "கோவம்!" என்று யாராவது கத்துவார்கள். அதை அழித்து, மூக்குப் பக்கம் மேலே ஏறுகிற மாதிரி. "அழுவுது மிஸ்." ஒன்று மேலே, ஒன்று கீழே. "திருட்டு முழி!" முட்டையையும் புள்ளியையும் நான் தொடவே இல்லை, மாறினது இரண்டு கோடு. இந்த இடத்தில் ஏதாவது ஒரு பிள்ளை ஓர் ஆசிரியரின் பெயரைச் சொல்லும். நான் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவேன், வகுப்பே உருளும்.

அப்புறம் உத்தரவு போடச் சொல்வேன். "மாடு வரையட்டுமா? எங்கே நிற்குது?" முதல் பதில் எப்போதும் "வயல்ல". "வேற எங்க?" "ரோட்டுல." "வேற?" அணைக்கட்டுப் பக்கம் ஒரு பையன், அதுவரை வாயே திறக்காதவன், "ஏடிஎம் உள்ள" என்றான். "எதுக்கு?" "ஏசி கீது இல்ல." வேலூர் வெயிலில் இதற்கு மேல் என்ன நியாயம் வேண்டும்? வரைந்தேன். "கார்டு எங்க வெச்சினு கீது?" என்று அடுத்த கேள்வி. கழுத்து மணி இருக்கும் இடத்தில் கார்டைத் தொங்கவிட்டேன். அன்றைக்கு மீதி நேரம் முழுக்க அவர்கள் சொன்னதுதான் கதை.

வருகிறவரிடம் ஒன்று சொல்லி வையுங்கள். முடித்த படங்களை மட்டும் கொண்டுவர வேண்டாம், கெட்டுப்போன படங்களையும் கொண்டுவரச் சொல்லுங்கள். கிறுக்கல், அடித்தது, திருத்தியது எல்லாம். படக்கதைப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய தாளின் இரண்டு பக்கமும் அச்சடித்து மடித்தால் 16 பக்கம், அப்படி இரண்டு. தலைப்பு, பதிப்பு விவரம் போனால் கதைக்கு ஏறக்குறைய பதினாலு விரிப்புதான் (புத்தகத்தைத் திறந்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கம் ஒரு விரிப்பு) மிச்சம். அதனால் முதலில் தாளை மடித்துப் பின் அடித்து ஒரு மாதிரிப் புத்தகம் செய்து, அதில் குச்சி மனிதர்களாக முழுக் கதையையும் போட்டுப் பார்ப்போம். எதைப் பக்கம் புரட்டின பிறகு காட்டுவது என்பதுதான் பெரிய தலைவலி. "கதவுக்குப் பின்னால் யார்?" என்பது வலப்பக்கத்தின் கடைசியில் வர வேண்டும். விடை புரட்டினால்தான் தெரிய வேண்டும். எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டும் இருந்தால் கண் முதலில் விடைக்குப் போய்விடும், ஜோக் செத்தது. நடு மடிப்பில் முகம் வரைந்தால் தைக்கும்போது மூக்கு உள்ளே போய்விடும். இதையெல்லாம் அந்த மாதிரிப் புத்தகத்தைக் கையில் கொடுத்துச் சொன்னால் எட்டாம் வகுப்புக்காரர்கள் அசந்து போவார்கள்.

பிள்ளைகள் தப்புக் கண்டுபிடிப்பார்கள், தடுக்காதீர்கள். "மூணாம் பக்கத்துல வால் சுருண்டு கீது, ஆறாம் பக்கத்துல நேரா கீது" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். "எவ்ளோ சம்பளம்?" என்றும் கேட்பார்கள். ஹெச்.எம். அம்மா முறைப்பார், பரவாயில்லை. விற்கிற ஒவ்வொரு பிரதிக்கும் விலையில் ஒரு சின்னப் பங்கு வரும், கதையும் படமும் ஒருவரே என்றால் அந்தப் பங்கு இரண்டாகப் பிரியாது என்று அவர் சொல்லட்டும். படம் வரைவது ஒரு வேலை என்று நம் பிள்ளைகள் காதில் யார் சொல்லியிருக்கிறார்கள்?

அந்த ஏழாம் வகுப்புப் பெண்ணின் நோட்டை நீங்களாக எடுத்துக் காட்டாதீர்கள் சார். தயவுசெய்து. அது அவளுடையது. காட்டினால் ஒன்று அவளுக்குத் திட்டு விழும், இல்லை எல்லார் முன்னாலும் பாராட்டு விழும். அந்த வயதில் இரண்டாவது முதலாவதைவிட மோசம். வேண்டுமானால் சுவருக்குச் சுவர் ஒரு சணல் கயிறு கட்டி, துணிக்கிளிப் போட்டு, யார் வேண்டுமானாலும் பெயர் எழுதாமல் ஒரு படத்தை மாட்டலாம் என்று சொல்லிவிடுங்கள். அவள் மாட்டினால் மாட்டட்டும்.

பேரணாம்பட்டு டீச்சர்

மேலே இருக்கும் அக்கா சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடுதான். கேள்வி விஷயத்தில் மட்டும் என் கருத்து வேறு. தயாரிப்பே இல்லாமல் விட்டால் முன்வரிசையில் மூன்று பையன்கள்தான் ஒன்றரை மணி நேரமும் பேசுவார்கள். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் உருது, சிலருக்குத் தெலுங்கு. படத்தைப் பார்த்து எல்லாரும் ஒரே நேரத்தில் சிரிப்பார்கள். கேள்வி கேள் என்றால் தமிழ் வீட்டுப் பிள்ளை மட்டும்தான் எழுந்திருக்கும்.

அதனால் முந்தின வாரமே ஒரு செருப்புப் பெட்டியில் ஓட்டை போட்டு வகுப்பில் வைத்துவிடுவேன். எழுதிப் போடலாம், வரைந்தும் போடலாம், எந்த மொழியிலும். ஒரு பெண் கோழிக்குக் காலில் ஷூ வரைந்து, பக்கத்தில் ஒரு பெரிய கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தாள். வந்த ஓவியர் அந்த ஒரு சீட்டை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் பேசினார். நான் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: "உங்கள் லட்சியம் என்ன, உங்களுக்கு ஊக்கம் தந்தது யார்" என்று மேடையில் கேட்கிற கேள்வியெல்லாம் வேண்டாம், புத்தகத்தைப் பார்க்கும்போது மனதில் என்ன தோன்றியதோ அதைக் கேள்.

ஒரு பையன் கேட்டால் அடுத்தது ஒரு பெண் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம், சின்ன வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு நிற்கும். விரட்டாதீர்கள், பத்துப் பேரை உள்ளே விடுங்கள். இரண்டாம் வகுப்பு முதலில் சிரிக்கும், அதைப் பார்த்து எட்டாம் வகுப்புக்குத் தைரியம் வரும்.

டிராயிங் சார், லத்தேரி பக்கம்

வந்துவிட்டுப் போனார். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

நூலகர் ஐயா சொன்னபடி பொன்னாடையை ஹெச்.எம். ரூமுக்குள் தள்ளிவிட்டோம். பத்து நிமிஷம் இருபத்தைந்து ஆனது, சரி, அதற்குமேல் நம் கையில் இல்லை. வரவேற்பு நடனத்துக்கு ஆறு பெண்கள் ஜரிகைப் பாவாடையில் தயாராக நின்றதால் அதை வெட்ட மனசு வரவில்லை. ஆடினார்கள். அந்தப் பாவாடையோடேயே முன்வரிசையில் உட்கார்ந்தும் கொண்டார்கள்.

ஆள் குள்ளம், ஜிப்பா கிப்பா இல்லை, முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டிருந்தார். நுழைந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் பலகைக்குப் போய் ஒரு வட்டம் போட்டார். பாதியில் நிறுத்திவிட்டு, சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டு, "இது என்னன்னு எனக்கே தெரியல" என்றார். காதில் சாக்பீஸைப் பார்த்ததும் ஏழாம் வகுப்பு வரிசையில் ஒரு குபீர். எதற்கென்று எனக்கும் அவளுக்கும் தெரியும். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

புத்தகங்களை முன்னாடியே வாசித்துக் காட்டியிருந்ததால் பிள்ளைகள் பக்கம் பக்கமாக விசாரணை நடத்தினார்கள். பூனைக்கு ஏன் மூன்றாவது பக்கத்தில் மட்டும் மீசை இல்லை? அவர் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தார், நிஜமாகவே இல்லை. "ஆமாப்பா, விட்டுப்போச்சு" என்றார். பெரிய ஆளொருத்தர் அவர்கள் முன்னால் அப்படிச் சொல்லி அவர்கள் கேட்டதே இல்லை போலிருக்கிறது, ஒரு நொடி எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பேனாவை எடுத்து அந்தப் பிரதியில் மீசையை வரைந்து கொடுத்தார். நான்கு பிரதியில் அந்த ஒன்றுக்கு இப்போது ஏக அடிதடி.

இரண்டாவது பாதியில்தான் கச்சேரி களை கட்டியது. "உங்க ஊர்ல வேடிக்கையா என்ன இருக்கு?" என்று கேட்டார். பதில் இல்லை. "சரி, என்ன இல்லை?" என்று மாற்றிக் கேட்டார். எட்டாம் வகுப்புப் பையன் ஒருத்தன், தாத்தா சொல்வார் என்று நம் வேலூர்ப் பழைய பேச்சை எடுத்துவிட்டான்: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு. அவர் மூன்றையும் பலகையில் வரிசையாக வரைந்தார். வரைந்து முடிக்கவில்லை, ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு குரல்: "சாமி கீது சார். போன மாசம்தான் போனம். புளிசோறு குட்த்தாங்க." உண்மைதானே. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981ல் லிங்கத்தைத் திரும்ப வைத்தாயிற்று, பழமொழிக்குத்தான் செய்தி போகவில்லை. கோயிலை அழித்தார். உடனே இன்னொருத்தி: "ஆத்துல தண்ணி வந்துச்சு சார், எங்க மாமா வூட்டு மாடு போய்ட்ச்சு." 2021 நவம்பர் வெள்ளம். பாலாறு கரைபுரண்டு ஓடியதை இந்தப் பிள்ளைகள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஆற்றையும் அழித்தார். மிச்சம் இருந்தது கோட்டை.

பின்னாலிருந்து ஒருத்தன்: "அப்ப ராஜா வேலை மட்டும் காலியா கீது."

அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததும் நாற்பத்தைந்து பேரும் சிரித்தார்கள். கையைக் கட்டிக்கொண்டிருந்த ஒருத்தரையும் காணோம். அப்புறம் அந்தக் காலி வேலைக்கு யார் மனு போடுவது என்று ஏலம். அகழியில் ஒரு காலத்தில் முதலை விட்டிருந்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள் இல்லையா, அந்த முதலை வந்தது. மனுவோடு என்னென்ன இணைக்க வேண்டும்? சாதிச் சான்றிதழ், ஆதார் கார்டு, இரண்டு போட்டோ. முதலைக்கு பாஸ்போர்ட் சைஸில் முகம் அடங்கவில்லை, மூக்கு வெளியே போனது. "சைடு போஸ் எடு சார்" என்று யோசனை சொன்னது ஜரிகைப் பாவாடைகளில் ஒன்று. "பல்லைக் காட்டக் கூடாது, வாயை மூடு" என்று ஸ்டூடியோக்காரர் சொல்ல, முதலை மூடப் பார்க்கிறது, ஒரு பல் வெளியே நிற்கிறது. இப்படியே போய், இன்டர்வியூவுக்குக் கூப்பிடுகிற இடத்தில் மணி அடித்துவிட்டது. சத்துணவில் அன்று முட்டை. அவரும் பிள்ளைகளோடு தட்டை ஏந்தி வரிசையில் நின்றார்.

கயிறும் கட்டினேன். முதல் அரைமணி நேரம் இரண்டு மலையும் சூரியனும்தான் தொங்கின. சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் ஓரத்தில் ஒரு படம். முதலை நாற்காலியில் கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிறது. எதிரே இன்டர்வியூ எடுக்கும் அதிகாரி, நான்காவது பொத்தானுக்கும் ஐந்தாவது பொத்தானுக்கும் நடுவே தொப்பை. மேஜை மேல் இரண்டு கால் முளைத்த ஹேண்ட்பேக் ஒன்று மார்க் போட்டுக்கொண்டிருக்கிறது. அவர் அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். யார் வரைந்தது என்று கேட்கவில்லை. "இந்த ஹேண்ட்பேக் யாருன்னு எனக்குத் தெரியாது, ஆனா எனக்கு இதைப் பாத்தா பயமா இருக்கு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார். கணக்கு டீச்சர் அதைப் பார்த்தாரா, பார்த்தும் கண்டுகொள்ளவில்லையா, தெரியவில்லை. இந்த வாரம் என் பீரியடைக் கேட்கவில்லை என்பது மட்டும் உண்மை.

கையெழுத்து யாருக்கும் போடவில்லை. ஒரே ஒரு தாளில் முதலையைப் பாதி வரைந்து, வால் இல்லாமல், பள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வால் பிள்ளைகள் பொறுப்பு.

இப்போது அடுத்த தலைவலி. அந்த முதலைக் கதையை முடித்துப் புத்தகம் ஆக்க வேண்டும் என்று நச்சரிக்கிறார்கள். அச்சடிக்கப் பணம் இல்லை. ஒரே ஏ4 தாளில் எட்டுப் பக்கம் வருகிற மாதிரி மடிக்கலாம் என்று அவர் சொல்லிக் காட்டினார். அவசரத்தில் பக்க வரிசையைக் குறித்து வைக்காமல் விட்டாயிற்று. எந்தக் கட்டத்தில் எந்தப் பக்கம் வரும்? கோடு போடுகிற அக்கா, சொல்லுங்களேன்.

கோடு போடுகிறவள், சத்துவாச்சாரி

"ராஜா வேலை காலியா கீது" என்று சொன்ன பையனைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் சார், தொழிலுக்குப் போட்டியாக வருவான்.

தாளைப் படுக்கவாட்டில் வைத்து, மேலே நான்கு, கீழே நான்கு என்று எட்டுக் கட்டமாக மடித்து விரியுங்கள். கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 8, 1, 2, 3. மேல் வரிசையிலும் இடமிருந்து வலமாகத்தான், 7, 6, 5, 4. ஆனால் மேல் வரிசைப் படங்கள் நான்கும் தலைகீழாக இருக்க வேண்டும். 1 முன் அட்டை, 8 பின் அட்டை. இனி வெட்டு: இரண்டு வரிசைக்கும் நடுவே போகிற மடிப்பில், நடுவில் இருக்கும் இரண்டு கட்டங்களின் நீளத்துக்கு மட்டும். ஓரம் வரை போய்விடாதீர்கள். அப்புறம் படம் வெளியே தெரிகிற மாதிரி நீளவாட்டில் மடித்து, இரண்டு முனையையும் பிடித்து உள்ளே தள்ளினால் வெட்டு வாய் திறந்து கூட்டல் குறி மாதிரி நிற்கும். அதை 1 மேலே வருகிற பக்கமாகச் சாய்த்து அழுத்தினால் புத்தகம்.

பென்சிலில் வெறும் எண்கள் எழுதி ஒரு தடவை மடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் படம் போடச் சொல்லுங்கள். ஓரத்தில் அரை சென்டிமீட்டர் காலியாக விடுங்கள், ஜெராக்ஸ் மெஷின் ஓரத்தைத் தின்றுவிடும். கறுப்பு ஜெல் பேனாவில் வரைந்தால்தான் நகல் நன்றாக விழும், பென்சில் மங்கிப்போகும். ஒரு பக்கம் மட்டும் நகல் எடுப்பதால் தொண்ணூறு பேருக்கு தொண்ணூறு தாள்தான் செலவு. இன்டர்வியூ முடிவு 7ல் இருக்கட்டும், 6ல் வைக்காதீர்கள். இல்லை, கொஞ்சம் பொறுங்கள், 6ம் 7ம் எதிரெதிர்ப் பக்கம். கேள்வியை 5ல் முடித்துவிட்டு, விடையை 6ல் வையுங்கள். அங்கேதான் புரட்டல் இருக்கிறது.